வேலூர்க் காசு

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படியடியில் துண்டு விரிப்பார்கள். அதற்கு முன் செயலாளர் எழும்பி, "இன்னாருக்கு ரெண்டு கிட்னியும் பழுது, டொக்டர்ட ரிப்போட் பாத்திருக்கம், ஊர் ஜமாஅத் கடிதமும் இருக்கு" என்று அறிவிப்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் போடுவார், கடை முதலாளியும் போடுவார். திருகோணமலையில் நான் சிறுவயது முதல் பார்த்து வரும் காட்சி இது. எங்கள் வாப்பா அதை 'வேலூர்க் காசு' என்பார். கண்டிக்குப் போகும் நோயாளிக்குச் சேர்த்தாலும் அவருக்கு அது வேலூர்க் காசுதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 1985 வரை இலங்கையில் அந்தச் சத்திரசிகிச்சை இல்லை. கிட்னி கொடுக்கும் உடன்பிறப்பையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து, மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டும். காணி பூமி உள்ளவனுக்கே அது முடியாத காரியம்.

1985இல் கொழும்பில் அந்தக் கதவைத் திறந்த குழுவில் சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் ஏ.எச். ஷெரீப்தீனும் சிறுநீரக வைத்திய நிபுணர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீபும் முன்னின்றார்கள். நம் பாடசாலை விழாக்களில் இந்த இரு பெயர்களையும் நான் கேட்டதேயில்லை. புலவர்களையும் வணிகர்களையும் மட்டுமே வரலாறு என்று எண்ணிவிட்டோமோ என்னவோ.

அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனாலும் துண்டு விரிப்பது நிற்கவில்லை. பரிசோதனை, பயணம், தங்குமிடம் எல்லாம் செலவு. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியா நோயாளி முதலில் பாதையேறித் துறை கடக்க வேண்டும், கண்டி, கொழும்புப் பயணம் அதற்குப் பிறகுதான். மாற்றிய கிட்னியை உடம்பு அந்நியனாகவே பார்க்கும். அதை அடக்கி வைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.

சொந்த வீட்டு நோய் பொதுக் காரியமாக மாறுவதும் நமக்குப் புதிதல்ல. மகனுக்குப் புற்றுநோய் வந்த எம்.எஸ்.எச். முஹம்மத், கதீஜா பவுண்டேஷன் மூலம் மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேனர் வாங்க 2016இல் 20 கோடி ரூபா இலக்கு வைத்து இறங்கினார். எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள். எங்கள் சாச்சாவும் அப்படித்தான், சின்ன அளவில். மாமி கொடுத்த கிட்னியோடு வாழ்ந்தவர், பிறகு வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் துண்டின் ஒரு முனையைத் தானே பிடித்தார். சேர்ந்த காசை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்.

காசு கொடுக்க நாம் தயங்குவதில்லை. உறுப்பு என்றதும் கை பின்வாங்குகிறது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இறந்த பின் உறுப்புக் கொடுக்க வழிசெய்தது. மறு வருடம் பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, இறந்தவர் முன்பே சம்மதித்திருந்தாலோ வாரிசுகள் சம்மதித்தாலோ அது கூடும், விற்பது கூடாது என்று தீர்மானித்தது. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாகப் பாகிஸ்தானில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் பார்வை பெற்றார்கள். அந்தக் கண்களில் பெரும்பாலானவை பௌத்தர்கள் கொடுத்தவை. வாங்குவதில் நமக்குச் சந்தேகம் வரவில்லை.

சாச்சா இதை மிம்பரில் வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "அடுத்த கூட்டத்துல பாப்பம்" என்றார்கள். அவர் மௌத்தாகி மூன்றாம் நாள்தான் கொப்பியைத் திறந்தோம். கடைசிப் பக்கத்தில் தன் கண்களைக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். கண்ணைச் சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. போன வெள்ளி சேர்ந்த காசையும் அதில்தான் எழுதினேன்.