ஒரு வாத்தியார் பணம் கொடுத்த கதை

96-ஆம் வருடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, பத்து நாளாகக் குழுவில் சண்டை போடுகிறீர்கள். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷினா, மாதாமாதம் சர்க்கரை நோய் முகாமா? கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது சரித்திரம்தான். அதிலிருந்து ஒரு கதை சொல்கிறேன், கடைசி பெஞ்சும் கேட்கவும்.

1909 அக்டோபரில் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் ஒதுக்கினார். ஐந்து வருடம், ஒரே நோய்: கொக்கிப்புழு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியே ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தை உறிஞ்சும் புழு. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு இருந்தது. வெளிறிப்போய் வகுப்பில் தூங்குவார்கள். ஊர் அவர்களைச் சோம்பேறி என்றது. (நானும் எத்தனை பேரை அப்படித் திட்டியிருக்கிறேன்! மன்னிக்கவும்.)

அந்தப் பணத்தைச் செலவிடும் பொறுப்பு டாக்டரிடம் போகவில்லை, ஒரு வாத்தியாரிடம் போனது. நாஷ்வில்லில் தத்துவம் நடத்திய விக்லிஃப் ரோஸ். நம்ம ஜாதி!

ரோஸ் நேரே மருந்து வாங்கிக் கொட்டவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு டாக்டரை நியமித்தார். சம்பளம் இவர் பணம், ஆனால் அந்த டாக்டர் மாநில சுகாதாரத் துறையின் ஆள். முகாம் வேண்டும் என்று கேட்கும் மாவட்டமும் தன் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டும். பத்திரிகைகள் சும்மா விடவில்லை, எங்களை அவமானப்படுத்துகிறார்கள் என்று எழுதின. ராக்ஃபெல்லர் செருப்பு வியாபாரம் தொடங்கத்தான் இதெல்லாம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஆனால் ஜனங்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் புழு முட்டையைத் தாங்களே பார்த்தார்கள், தைமாலும் பேதி உப்பும் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1914-க்குள் கிட்டத்தட்ட 7 லட்சம் பேருக்குச் சிகிச்சை.

புழு ஒழிந்ததா? இல்லை. கழிப்பறை கட்டாத ஊரில் மருந்து சாப்பிட்டவருக்கே மறுபடி வந்தது. நின்றது வேறொன்று: அந்த மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு முன்பைவிட அதிகம் ஒதுக்கத் தொடங்கின.

அடுத்து இலங்கை. இது நம் சொந்தக் கதை. 1916-லிருந்து தேயிலைத் தோட்டங்களில் இதே வேலை நடந்தது. மருந்து சாப்பிட்டவர்கள் இங்கிருந்து போன நம் ஜனங்கள். தோட்டத் துரைமார் கழிப்பறைச் செலவுக்கு முகம் சுளித்தார்கள். மருந்து போன வேகத்தில் புழு திரும்பியது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, 1926-ல் களுத்துறையில் அரசோடு சேர்ந்து ஒரு சுகாதாரப் பிரிவே தொடங்கினார்கள். தாய்சேய் நலம், பள்ளிச் சுகாதாரம், தடுப்பூசி எல்லாம் ஒரே கூரையில்.

இப்போது என் கதை. நான் ஓய்வு பெற்ற வருடம் நன்கொடை திரட்டி ஒரு பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்கித் தந்தோம். மாலை, போட்டோ, கைதட்டல். பதினோரு மாதத்தில் ஃபில்டர் அடைத்தது. மாற்றுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. நானும் வாங்கும்போது கேட்கவில்லை. அது இன்னும் அங்கேதான் நிற்கிறது, மேலே துடைப்பம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஸ்கேன் மெஷின் என்று சொல்கிற செல்வங்களே, படத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா? முகாம் என்று சொல்கிறவர்களே, 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. அது நம்மூரில் யாரை எட்டவில்லை? இது எதுவும் எனக்கும் தெரியாது. மருத்துவ அலுவலரையும் கிராமச் செவிலியரையும் கேட்டால் தெரியும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் போகிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் இரண்டு பேர் கூட வாருங்கள். செக் புத்தகம் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்.