185 என்று எழுதப்பட்ட முட்டைக் கணக்கு

2005-ல தென்கொரியா ஒரு தபால்தலை வெளியிட்டுச்சு. சக்கர நாற்காலியில இருக்கிறவர் எழுந்து, துள்ளி, இன்னொருத்தரைக் கட்டிப்பிடிக்கிற படம். காரணம், சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் ஊ-சுக். குளோனிங் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துட்டதா 2004-ல 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அடுத்த வருஷமே, நோயாளிகளின் சொந்த மரபணுவோட 11 செல் வரிசைகள் தயார்னு இன்னொரு கட்டுரை. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

இந்த வேலைக்குப் பெண்களின் கருமுட்டை வேணும். பல நாள் ஹார்மோன் ஊசி போட்டு, அப்புறம் மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுக்கணும். 2005 கட்டுரை சொன்ன கணக்கு 185. விசாரணையில தெரிஞ்சது, மொத்தமா வாங்கினது 2,000-க்கும் மேல. சிலருக்குப் பணம் போயிருக்கு. அவரோட ஆய்வகத்துல வேலை பார்த்த பெண்களும் கொடுத்திருக்காங்க. தன்னோட பேராசிரியர்கிட்ட 'முடியாது'ன்னு யார் சொல்லுவா?

'பிடி நோட்புக்' டிவி நிகழ்ச்சி இதைக் கிளறினப்போ, ஜனங்க கோபம் டிவி மேலதான் பாய்ஞ்சது, விளம்பரதாரர்கள் விலகினாங்க. ஆனா இணையத்துல இளம் விஞ்ஞானிகள் கட்டுரையை உத்துப் பார்த்தாங்க. ஒரே படத்தையே வேற வேற செல்னு போட்டிருக்கு! 2006 ஜனவரியில ரெண்டு கட்டுரையும் வாபஸ். அந்த 11-ல ஒண்ணுகூட நிஜமில்லை.

வேடிக்கை என்னன்னா, 2004-ல காட்டின செல் வரிசை விந்தணு இல்லாம முட்டை தானாவே பிளந்து வந்ததுன்னு 2007-ல பாஸ்டன் குழு ஒண்ணு நிரூபிச்சது. மனித முட்டையிலிருந்து அப்படி ஒரு ஸ்டெம் செல் வரிசை கிடைச்சது அதுவே முதல்முறை. அவர் அதைக் குளோனிங்னு எழுதிட்டார். அதே 2007-ல கியோட்டோவுல யாமனாகா குழு மனிதத் தோல் செல்லை ஸ்டெம் செல்லா மாத்திக் காட்டுச்சு, ஒரு கருமுட்டைகூட இல்லாம.