மருந்தின் பின்னே மறைந்த அறிஞர்

முள்ளுக்குறிச்சியின் தலைமாட்டில் நிற்கும் கொல்லிமலையை மூலிகை மலை என்றே முன்னோர் போற்றினர். எந்தப் பச்சிலை எந்த நோயைத் தீர்க்கும் என்று முதன்முதல் கண்டவர் யாரென ஊரார் அறியார். மருந்து மட்டும் வழிவழியாக வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஆண்டும் ஆவணமுமாக எழுதிவைத்த இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வாறே தாம் கண்ட மருந்துகளின் பின்னே மறைந்துபோன அறிஞர் ஒருவர் உண்டு. அவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் ஒரு குடல்நோய் கொண்டுபோயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அதனால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூறு கற்பித்தபின் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் கழிகலம் சுமந்தே வயிறு வளர்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிரணுவின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் இருவரும் அறிவித்தனர். ஆயினும் அப்பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கு மருந்து பிறந்தது. இருபதாண்டுகளுக்கு மேல் காலம் தாழ்ந்து பிறந்தது.

அதன் பின் நிகழ்ந்ததே புற்றுநோய் ஆய்வின் திருப்புமுனை. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் விரைவதாகவே பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கண்டார். பெருகும் அணுக்களுக்கு அவ்வூட்டம் இன்றியமையாதது எனின், அதைத் தடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, அதன் இடத்தைக் கவர்ந்து, அணு பிளவுறாமல் தடுக்கும் போலிப் பொருள்களைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடம் ஆக்கி அனுப்பியது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதைப் பெற்ற குழந்தைகள் பதினாறு பேரில் பத்துப் பேர் தற்காலிகமாகத் தேறினர். 1948 ஜூன் திங்களில் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, ஐம்பத்து மூன்றாம் அகவையில், அவர் மறைந்தார்.

மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தை அதே ஆண்டு டகர் அறிவித்ததும் சுப்பாராவ் நெறிப்படுத்திய ஆய்வுக்கூடத்திலிருந்துதான். யானைக்கால் நோயைத் தடுக்கத் தமிழகச் சிற்றூர்களில் வீடுவீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அவர் காலத்தில் அங்கே உருவானதே. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கும் மருந்துகளுள் ஒன்று.

அவர் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த அவ்வம்மையார் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தாரை இழந்த துயர் ஒருவரை ஆய்வுக்கூடத்திலும் மற்றொருவரை மருத்துவமனையிலும் உழைக்க வைத்தது.

சுப்பாராவின் நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்பே, 1953இல், ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டிருந்தனர். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தரும் மருத்துவருள்ளும், அதை உண்டு பிழைத்தெழும் குழந்தையின் பெற்றோருள்ளும் அப்பெயரை அறிந்தோர் சிலரே.