சட்டாம்பிள்ளையும் சனிக்கிழமை ஓய்வுநாளும்

கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் நிறுவப்பட்டபின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இப்பகுதியில் குடியேறின. அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நமது வேதபாட வகுப்பில் ஒருமுறை கேட்டார்: "ஐயா, மூக்குப்பீறியில் என் பாட்டனார் சனிக்கிழமை கடை திறக்கமாட்டாராம். ஆனால் அவர் அட்வெந்து சபையாரும் அல்லர். அவருக்கு இந்தப் போதனை எங்கிருந்து வந்தது?" நாம் அன்று கூறிய விடை அரைகுறையானது. அதை இங்கே சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

ஏழாம்நாள் அட்வெந்து சபையாரின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. 1844 அக்டோபர் 22இல் ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து ஏமாற்றமடைந்தோருள் ஒரு பகுதியினர், ஏழாம்நாள் பாப்திஸ்தர் வழியாக ஓய்வுநாள் போதனையைப் பெற்றனர். அவர்களுடைய முதற் பேரறிஞர் ஜே. என். ஆண்ட்ரூஸ் (1829–1883). ஜோசப் பேட்ஸ் என்பவரின் கருத்தைப் பின்பற்றி அவர்கள் வெள்ளி மாலை 6 மணிக்கே ஓய்வுநாளைத் தொடங்கி வந்தனர். 1855இல் ஆண்ட்ரூஸ் வேதவாக்கியங்களை மீண்டும் ஆராய்ந்து, கடிகாரத்தின் ஆறு மணியன்று, சூரியன் அஸ்தமிக்கும் வேளையே ஓய்வுநாளின் தொடக்கம் என்று காட்டினார். மூத்தவர்கள் தங்கள் பழைய வழக்கத்தைக் கைவிட்டனர். (நம் தென்னாட்டில் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே மறைவதால் இவ்வழக்கு எழுந்தேயிராது, வடதிசைக் குளிர்நாடுகளில் வேற்றுமை பெரிது.) வேதம் ஒன்றே ஆதாரம் என்போரிடத்தும் போதனை படிப்படியாகவே உருப்பெறுகிறது என்பதற்கு இது சான்று.

நமது பாட்டனாரோ இவர்களிடமிருந்து ஓய்வுநாளைப் பெற்றவர் அல்லர். அவருடைய ஆசான் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை (1823–1918). நாடார் சமூகத்தவராகிய இவர் சாயர்புரத்தில் ஜி. யு. போப்பிடம் பயின்றவர், எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராயிருந்தவர். நாசரேத்து மிஷனெரியாகிய கெமரருடன் பிணக்குற்று 1850இல் பணியிழந்தார். அதற்கு முந்தின ஆண்டில் இராபர்ட் கால்டுவெல், திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். அம்மக்களை அறிவிலும் சமயத்திலும் தாழ்ந்தோராகச் சித்திரித்த அந்நூல் ஆறாத புண்ணாயிற்று. பின்னாளில் கால்டுவெல் அதைப் புழக்கத்தினின்று விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

1857இல் மூக்குப்பீறியில் சட்டாம்பிள்ளையும் அவரைச் சேர்ந்தோரும் தனிச் சபை அமைத்தனர். ஏக இரட்சகர் சபை என்றும் நாட்டார் சபை என்றும் அது பெயர் பெற்றது. நற்செய்தி கீழ்த்திசையிற் பிறந்தது. எபிரெயரின் வழக்கங்களும் நம் நாட்டு வழக்கங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. ஐரோப்பியர் சேர்த்தவற்றை நீக்கினால் ஆதி விசுவாசம் வெளிப்படும் என்பதே அவர் கொள்கை. ஆகவே தூபம் இடம்பெற்றது, சாஷ்டாங்க நமஸ்காரம் இடம்பெற்றது, திருவிருந்தில் புளிக்காத திராட்சரசம் வழங்கப்பட்டது, குருப்பட்டம் ஒதுக்கப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை நீங்கிச் சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. இதைச் சாதிப் பூசலின் விளைவு என்று தள்ளிவிடுவது நம் மிஷன் வரலாறுகளின் வழக்கம். அது நேர்மையன்று. மனக்காயம் வாயிலைத் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே நுழைந்தவர் பழைய ஏற்பாட்டைக் கையிலேந்தியே நுழைந்தார்.

ஞாயிறு ஐரோப்பாவின் படைப்பு என்னும் முடிவை மட்டும் நாம் ஏற்க இயலாது. வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கக் கூடியவர்கள் துரோவா பட்டணத்தார் (அப். 20:7), அது ஆசியா. கர்த்தருடைய நாளைப் பற்றி எழுதிய இக்நேசியு, சீரியாவின் அந்தியோகியாக் கண்காணி. கான்ஸ்டன்டைனின் 321ஆம் ஆண்டுச் சட்டம் மிகப் பிந்தியது. கிண்டியிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள பரங்கிமலையில் பகலவி எழுத்துப் பொறித்த சிலுவை இருக்கிறதே, அதை வழிபாட்டில் வைத்திருந்த கீழைச் சீரியத் திருச்சபையும் ஞாயிறு ஆராதனையை உடையதே. இதைச் சட்டாம்பிள்ளைக்கு எடுத்துரைத்திருக்க வேண்டியவர்கள் மிஷனெரிமார். ஆனால் அவர்கள் ஞாயிற்றையும் நற்செய்தியையும் ஆங்கிலத் திருச்சபையின் முறைமைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டியன்றோ கொடுத்தனர்! பிரித்துப் பார்க்கக் கற்பிக்கப்படாதவர் மூட்டையை முழுவதும் அவிழ்த்துக் கொட்டியதில் வியப்பில்லை.

1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்னும் அட்வெந்து மிஷனெரி, நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் பணி தொடங்கினார். தம் போதனை எட்டுமுன்னரே சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழரைக் கண்டது அச்சபையாருக்குப் பெருமகிழ்ச்சி. சட்டாம்பிள்ளை அப்போது உயிரோடிருந்தார். அச்சபையாரிற் சிலர் அட்வெந்து சபையிற் சேர்ந்தனர். நாட்டார் சபையோ அதனோடு கரைந்துவிடவில்லை. நாள் ஒன்றாயிருந்தும் அந்த நாளுக்கு வந்த வழி வேறு. ஆண்ட்ரூஸின் வழியினர் வெளிப்பாட்டின் தீர்க்கதரிசனத்தை ஆராய்ந்து, முடிவுகாலத்தின் அடையாளமாக ஓய்வுநாளைக் கொண்டனர். மூக்குப்பீறியாருக்கோ அது, எந்த வெள்ளையர் கையினின்றும் பெறாத விசுவாசம் தங்களுக்கு உண்டு என்பதன் அடையாளம். அதையே மற்றொரு வெள்ளையரிடமிருந்து மீண்டும் கற்றுக்கொள்ள அவர்களுள் பலர் மனங்கொள்ளாதது நமக்கு எளிதில் விளங்குகிறது.