ஒரே மேய்ச்சல், இரண்டு மூச்சு

பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. வெயில் அடிமண் வரை இறங்குவதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கிறது. கரையில் இதைத் தாழை என்பார்கள். இந்தப் புல்லை மேய்ந்தே உடம்பு வளர்க்கும் பெரிய உயிர்கள் இரண்டு. ஒன்று கடற்பசு, கடலோடிகளின் வாயில் அது ஆவுளியா. மற்றது பேராமை, பச்சையாமை என்றும் சொல்வதுண்டு. முன்னது பாலூட்டி, யானைக்குத் தூரத்து உறவு. பின்னது ஊர்வன. இரண்டும் ஒரே வயலில் மேய்ந்து ஒரே வலையில் சாகின்றன. ஆனால் சாகிற விதம் வேறு. ஏன் வேறு என்று தேடிப் போனால் இரண்டின் உடலமைப்பில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் மேய்ச்சலைப் பார்க்கலாம். ஆமைக்குப் பல் கிடையாது. தாடையின் விளிம்பு ரம்பம் போல இருக்கும். அதைக்கொண்டு இலையை அறுக்கும். அறுத்த இடத்துக்கே மறுபடி வந்து புதுத் தளிரைக் கடிக்கும். வேர் தப்பிவிடும். ஆவுளியாவுக்கு அந்த நாசூக்கு இல்லை. கீழ்நோக்கி மடிந்த அதன் தடித்த மேலுதட்டில் முள்முள்ளாக மயிர் உண்டு. அதைத் தரையில் பதித்துக்கொண்டு நகர்ந்தால் புல் வேரோடு பெயர்ந்து வாய்க்குள் போகும். பின்னால் சேற்றில் ஒரு சால் விழும். ஏர் ஓட்டினாற்போல, சாண் அகலத்துக்குள், சில மீட்டர் நீளத்துக்கு. ஆவுளியாவைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். முக்குளிப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சாலைப் பார்த்துத்தான் அது வந்துபோனதைத் தெரிந்துகொள்கிறார்கள். மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையுமாக வளரும் உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் வேண்டும்.

மேய்வது தரையில், மூச்சோ மேலே. இரண்டுக்கும் செவுள் கிடையாது. நுரையீரல் இருக்கும் இடத்தில்கூட ஓர் ஒற்றுமை உண்டு: ஆவுளியாவுக்கு முதுகை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது, ஆமைக்கு மேலோட்டை ஒட்டி. ஒற்றுமை அதோடு சரி.

ஆவுளியா வெப்ப இரத்தப் பிராணி. மூச்சை நெடுநேரம் அடக்கும் வித்தையில் திமிங்கிலத்துக்கு அது உறை போடக் காணாது. சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். மூக்கு மட்டும் நீருக்கு மேலே தெரியும். இரண்டு துளைகளும் மூடி திறந்தாற்போல விரியும், புஸ்ஸென்று ஒரு மூச்சு, உடனே மூடிக்கொள்ளும். மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் உள்ளே தாக்குப்பிடிக்கும். ஆமையோ சாவகாசமானது. பாறையிடுக்கில் ஒடுங்கித் தூங்கினால் மணிக்கணக்கில் மேலே வராது. குளிர் இரத்தம், மெதுவான உடல், குறைந்த செலவு.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஆமைதானே, தண்ணீருக்குள் மணிக்கணக்கில் இருக்குமே' என்று. தூங்குகிற ஆமையின் கணக்கு வேறு, வலையில் மாட்டித் துடிக்கிற ஆமையின் கணக்கு வேறு. துடிக்கத் துடிக்க இருப்பிலுள்ள பிராணவாயு கரைந்து இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. மணிக்கணக்காக இருந்தது நிமிடக் கணக்காகச் சுருங்குகிறது. அமெரிக்காவில் ஆமை விலக்கிக் கருவி பொருத்தாத சில இறால் படகுகளுக்குக் கோடையில் 55 நிமிடத்துக்கு மேல் வலையை இழுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். அந்தக் கருவியும் இழுவலைக்கு மட்டுமே பயன்படும். அடியில் நிறுத்திவிட்டு இரவெல்லாம் விட்டுவைக்கும் திருக்கை வலையில் அதற்கு வேலையே இல்லை. ஆவுளியா மாட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வலையில்தான். விடிந்து போய்ப் பார்ப்பதற்குள் அதன் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

சுருங்கச் சொன்னால், ஆவுளியாவைக் கொல்வது அதன் தாங்காமை. ஆமையை வதைப்பது அதன் தாங்கும் சக்தி. இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. இலங்கையில் ஆங்கிலேய அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட், 1861இல் வெளியான தம் இயற்கை வரலாற்று நூலில் யாழ்ப்பாணச் சந்தையை வருணித்திருக்கிறார். ஆமையின் அடியோட்டைப் பெயர்த்துவிட்டு, உயிரோடு இருக்கும்போதே வாங்குகிறவர் கேட்ட பாகத்தை அறுத்துக் கொடுத்தார்களாம். இதயம் பெரும்பாலும் கடைசியில்தான் விலைபோகும். அதுவரை அது துடித்துக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர் நம்மவரை மட்டம்தட்டுகிறார் என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். லண்டன் விருந்துகளின் சூப்புக்காக இதே இன ஆமைகளை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வாரக்கணக்கில் கப்பல் தளத்தில் மல்லாத்திப் போட்டுக் கொண்டுபோன கூட்டமும் அவருடையதுதான். பாலூட்டி எதையும் இப்படி விற்றிருக்க முடியாது. நாலாவது வெட்டில் அது செத்திருக்கும். ஆமை சாகாமல் கிடந்தது. கத்தவும் இல்லை.

கத்தாத பிராணிக்கு வலி இல்லை என்று நினைப்பது நம் பழக்கம். மறுபக்கம், கரையேறி முட்டையிடும் ஆமை கண்ணீர் விடுகிறது என்று உருகுவதும் நம் பழக்கம். அந்தக் கண்ணீர் உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியே தள்ளுவது; துக்கம் அல்ல. அதன் அவதி கண்ணில் தெரியாது, இரத்தத்தில் தெரியும். ஆவுளியாவுக்கு வாய் உண்டு. தாயும் கன்றும் தண்ணீருக்குள் கீச்சொலியில் பேசிக்கொள்கின்றன. கன்று ஒன்றரை வருடம்வரை தாயின் அக்குள் அருகே இருக்கும் காம்பில் பால் குடிக்கும். தாய் வலையில் போனால் கன்றின் கதி என்ன? 2019இல் தாய்லாந்தில் தாயைப் பிரிந்து ஒதுங்கிய மரியம் என்ற கன்றைக் கடலுக்குள்ளேயே வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அது இறந்தது. குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன.

எண்ணிக்கைக் கணக்கிலும் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன. பேராமை ஓர் ஈட்டுக்கு நூறு முட்டைபோல இடும், ஒரே பருவத்தில் பலமுறை இடும். ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஈனுவது ஒரே கன்று; அடுத்தது மூன்று முதல் ஏழு வருடம் கழித்து. 2025 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, கவலை குறைந்த இனம் என்று வைத்தது. பல நாடுகளின் அரை நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த பலன் அது, மகிழ வேண்டிய செய்தி. ஆவுளியாவோ இந்தியக் கடலில் சில நூறுக்கு மேல் இராது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் அதற்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. முன்னுரிமை யாருக்கு என்றால் தயங்காமல் ஆவுளியாவுக்கு என்பேன். ஆனால் இனத்தின் கணக்கு வேறு, ஓர் உயிரின் அவதி வேறு. பட்டியலில் பெயர் இடம் மாறியதால் வலைக்குள் இருக்கும் ஆமைக்கு மூச்சு கூடிவிடாது.

ஆகவே கடலோடிகள் அறிய வேண்டியதும் இரண்டு விதம். ஆவுளியா மாட்டியிருந்தால் யோசிக்க நேரமில்லை. மூக்கை நீருக்கு மேலே கொண்டுவந்துவிட்டு வலையை அறுக்க வேண்டும். படகில் ஏற்றவோ கரைக்கு இழுக்கவோ வேண்டாம். ஆமைக்கு நேர்மாறு. அசைவற்றுக் கிடக்கிறது என்று உடனே கடலில் தள்ளினால் அப்படியே மூழ்கிவிடும். மல்லாத்தவும் கூடாது, குடலும் இரைப்பையும் நுரையீரல்மேல் அமுங்கும். குப்புற வைத்து, பின்பக்கத்தைச் சாணளவு உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்திவிட்டால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை பொறுத்தால், செத்ததென்று நினைத்தது துடுப்பை அசைப்பதுண்டு.

வலையை அறுக்கச் சொல்வது எளிது. அந்த வலை ஒரு வீட்டின் பிழைப்பு. மகாராஷ்டிரத்தில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடலுயிரை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டம் நடக்கிறது. பாக் விரிகுடாவில் ஆவுளியாவை விட்டவர்களுக்குச் சான்றிதழும் பரிசும் கொடுத்துக் கௌரவிக்கிறார்கள், நல்லதுதான். அதைவிட, அறுத்த வலையின் விலை அந்த வாரமே அவர் கையில் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.