நெகடிவ் பத்திரம்: ஃபிலிம் கேமராவோடு தொடங்குபவர்களுக்கு

ஃபிலிம் கேமராவுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது. சிட்னியிலும் மெல்பர்னிலும் இருபது வயதுப் பிள்ளைகள் அப்பா காலத்துக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். 2024-ல் ரிக்கோ நிறுவனம் ‘பென்டாக்ஸ் 17’ என்று புத்தம் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. பகலில் கணினியும் விடுமுறையில் ஃபிலிமுமாக இருப்பவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எந்தக் கேமரா, எவ்வளவு செலவு என்ற இரண்டு கேள்விகளும் தவறாமல் வரும். எடுத்து முடித்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மிஞ்சுவது நெகடிவ். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும்.

மூலமும் நகலும்

ஃபிலிம் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். லென்ஸ் வழியே ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழ்கிறது. டெவலப்பரில் கழுவும்போது அவை கருத்த வெள்ளித் துகள்களாகின்றன. ஒளி படாதவற்றை ஃபிக்ஸர் கரைத்து நீக்கிவிடும். வெளிச்சமாக இருந்தது கறுப்பாகவும் இருட்டாக இருந்தது தெளிவாகவும் மாறி நிற்பதால்தான் அதற்கு நெகடிவ் என்று பெயர். வண்ண ஃபிலிமில் வெள்ளிக்குப் பதில் சாயங்கள் மிஞ்சும்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். நீங்கள் எடுத்த காட்சியின் ஒளி நேரடியாக வந்து பட்ட இடம் அதுதான். பிரிண்டும் ஸ்கேனும் அதன் நகல்கள். ஒரு நூல் எத்தனை பதிப்புக் கண்டாலும் பாடத்தில் ஐயம் வந்தால் சுவடியைத்தானே தேடிப் போகிறோம்?

இதற்கு ஆஸ்திரேலியாவிலேயே பொருத்தமான உதாரணம் இருக்கிறது. சிட்னிக்காரரான மேக்ஸ் டுபேன் 1937-ல் நியூ சவுத் வேல்ஸின் குல்பரா கடற்கரையில் எடுத்த ‘சன்பேக்கர்’, இந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்று. மணலில் குப்புறப் படுத்திருக்கும் மனிதனின் தலையும் தோளும் மட்டும். 1948-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருப்பது அதே மனிதனின் வேறொரு படம். அதன் நெகடிவ் பிறகு தொலைந்துபோனது. கைவசம் மிஞ்சிய இன்னொரு நெகடிவிலிருந்து 1970களில் போட்ட பிரிண்ட்தான் இன்று எல்லோரும் அறிந்த படம். எந்தப் படம் வரலாற்றில் நிற்கும் என்பதை எந்த நெகடிவ் மிஞ்சியது என்பதே தீர்மானித்துவிட்டது.

கேமரா

பழைய மேனுவல் கேமரா ஒன்று போதும். 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 பலரும் சிபாரிசு செய்வது. பாட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும்; ஒளிமானிக்கு மட்டுமே பாட்டரி வேண்டும். அந்த ஒளிமானியை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸை மூடி வைக்காவிட்டால் பாட்டரி தீர்ந்துபோகும்.

வாங்குமுன் பின்கதவைத் திறந்து பாருங்கள். விளிம்பில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் மாற்ற வேண்டும். இல்லையேல் ஒளி கசியும். சென்னையிலோ கொழும்பிலோ அலமாரியில் கிடந்த கேமரா என்றால் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சகஜம். லேசானது என்றால் சுத்தம் செய்யலாம்; கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் அந்த லென்ஸை விட்டுவிடுவது நல்லது.

ஃபிலிம்

மெல்பர்ன்வாசிகளில் பலர் அறியாத செய்தி ஒன்று. தாமஸ் பேக்கர் என்பவர் 1880களில் அபட்ஸ்ஃபோர்டில், யாரா நதிக்கரையில், புகைப்படத்துக்கான கண்ணாடித் தகடுகள் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1908-ல் கோடக்கோடு இணைந்தது. 1961-ல் திறக்கப்பட்ட கோபர்க் தொழிற்சாலை 2004-ல் மூடப்பட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஊட்டியில். இந்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. 1990களில் நலிவடைந்த அதுவும் இப்போது இல்லை. உலகில் ஃபிலிம் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டதும் ஃபிலிம் விலை ஏறியதற்கு ஒரு காரணம்.

முதல் ரோலாக ஐ.எஸ்.ஓ. 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை வாங்குங்கள். இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ், கோடக் ட்ரை-எக்ஸ் இரண்டும் சிறிய பிசகுகளைப் பொறுத்துக்கொள்பவை. ஃபிலிமை மாட்டியபின் நெம்புகோலைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் பற்களில் மாட்டவில்லை என்று பொருள்.

வெளிச்சக் கணக்கு

நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு அருகில். அதாவது 400 ஃபிலிமுக்கு ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு. இது பழைய வாய்பாடு. நான் ஒரு படி தாராளமாக, 250-ல் ஒரு பங்கு வைப்பேன். நெகடிவ் ஃபிலிம் அதிக ஒளியைத் தாங்கும். குறைந்த ஒளியைத் தாங்காது. நிழலில் பதியாமல் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலின் வெள்ளைக் கோபுரத்தின் முன் குடும்பத்தை நிறுத்தினால், அது கோபுரத்தின் பிரகாசத்தைக் கண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும். கோபுரம் சாம்பலாகும்; நம் மாநிற முகங்களும் கறுத்த கூந்தலும் விவரமற்ற இருட்டாகிவிடும். பக்கத்தில் போய் முகத்தை அளந்து, அந்த அளவை மாற்றாமல் பின்னால் வந்து எடுங்கள். பாண்டை கடற்கரை மணலிலும் இதே வழிதான்.

கழுவுதல்

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இருட்டறை தேவையில்லை. ஒளி புகாத பைக்குள் கையை விட்டு ஃபிலிமைச் சுருளில் ஏற்றித் தொட்டிக்குள் மூடிவிட்டால், மீதியைச் சமையலறை விளக்கொளியிலேயே செய்யலாம். ஹெச்.பி.5-ஐ நீர் கலக்காத ஐ.டி.-11 கரைசலில் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். ஜனவரி மாதக் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும். பாட்டில்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் குளிர்வியுங்கள். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கும். சாக்கடையில் கொட்டாமல் ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

வண்ண ஃபிலிமை லேபில் கொடுப்பதே நல்லது. அங்கேதான் கவனம் வேண்டும். ஸ்கேன்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கேட்டு வாங்காத நெகடிவ்களைச் சில மாதங்களில் எறிந்துவிடும் லேப்கள் உண்டு. படிவத்தில் நெகடிவ் திரும்ப வேண்டும் என்ற கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள்.

பயணமும் பாதுகாப்பும்

ஊருக்குப் போகும்போது ஃபிலிமைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. அங்குள்ள எக்ஸ்ரே கடுமையானது. கைப்பைகளுக்கும் இப்போது மெல்பர்ன் உட்படப் பல விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர்கள் வந்துவிட்டன. கழுவாத ஃபிலிமில் அவை புகைமூட்டம் போலப் படியும். கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். சம்மதிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. முடிந்தால் எடுத்த ஊரிலேயே கழுவிக்கொண்டு வாருங்கள். கழுவிய நெகடிவை எந்தக் கதிரும் ஒன்றும் செய்யாது.

36 படங்களையும் ஆறு ஆறாக வெட்டி, பி.வி.சி. அல்லாத உறையில் போட்டு, தேதி, இடம், இருப்பவர்கள் பெயரைத் தமிழிலேயே எழுதி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். கணினிக் கோப்பைத் திறக்க மென்பொருள் வேண்டும். நெகடிவைப் பார்க்க ஜன்னல் வெளிச்சம் போதும்.

புதிதாக எடுக்கப் போகும் படங்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது ஆல்பத்தைப் புரட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் ஒட்டிய படங்கள் சாயம் போய்க்கொண்டிருக்கும். பீரோவின் அடித்தட்டில், ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட நீளமான காகித உறை ஒன்று கிடக்கலாம். வீடு வெள்ளையடிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான். அதை எடுத்து வையுங்கள். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு உறைமேல் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனை நிதானமாகச் செய்யலாம்.