கண்ணிற் புகும் புழு: ஒரு நோயின் வரலாறு

தட்சிண கைலாயம் எனப் போற்றப்படும் திருகோணமலையின் சரித்திரத்தை எழுதுவோர், அதன் இயற்கைத் துறைமுகத்தையும் அதற்காகப் போர்புரிந்த அந்நியரையுமே பெரும்பாலும் விரித்துரைப்பர். 1782இல் ஆங்கிலேயரும் பிரான்சியரும் அடுத்தடுத்து அதனைக் கைப்பற்றியதும், 1957இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. ஆயின், கோட்டையும் பீரங்கியும் தடுக்கமாட்டாத பகையொன்றும் உண்டு. அதுவே நுளம்பு. வடகீழ்ப் பருவமழை பெய்து நீர் தேங்கும் இக்கரையோரத்திலும், இலங்கையின் ஏனைய பகுதிகளிலும், அது பரப்பும் நோய்களுள் மக்கள் அதிகம் அறியாத ஒன்று, நாயின் புழு மனிதர் கண்ணிற் புகும் நோயாகும்.

இந்நோய் பழமையானது. கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரிலே ஒரு சிறுமியின் கண்ணிற் புழு காணப்பட்டதாக 1566இல் அமாட்டஸ் லூசிற்றானஸ் என்னும் மருத்துவர் எழுதிய குறிப்பே இதன் முதற்சான்றாகக் கருதப்படுகின்றது. 1885இல் இத்தாலியரான அடாரியோ, கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட புழுவொன்றுக்குப் பெயரிட்டார். எனினும் அது எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. மருத்துவர் நோயாளியின் கண்ணை நோக்கினரேயன்றி, அவர் வாயிலிற் படுத்திருந்த நாயை நோக்கினரல்லர்.

யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நுளம்பின் உடலில் வளர்வதை 1877இல் பற்றிக் மான்சன் சீன நாட்டிலே கண்டார். நாயின் இதயப்புழுவையும் நுளம்பே பரப்புகின்றது என்பதை 1900இல் கிராசியும் நோயேயும் நிறுவினர். நாயின் தோலின் கீழ் வாழும் டைரோபிலேரியா ரெபென்ஸ் என்னும் புழுவை 1911இல் ரயேயும் ஆன்றியும் விவரித்தனர். இவ்வாறு மூன்று நூற்றாண்டுப் புதிர் படிப்படியாக அவிழ்ந்தது. இலங்கையில் மனிதரிடம் காணப்பட்ட இந்நோயைப் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் அவர்தம் குழுவினரும் 1997இல் தொகுத்து வெளியிட்டனர். இந்நாட்டில் சிறு குழந்தைகளே இதற்குப் பெரிதும் இலக்காகின்றனர்.

நோயின் போக்கு வருமாறு: நாயின் குருதியோடு நுளம்பு உறிஞ்சிய நுண்புழுக்கள் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தொற்றும் பருவத்தை எய்துகின்றன. அந்நுளம்பு மனிதரைக் கடிக்கும்போது அவை தோலினுட் செல்கின்றன. மனிதவுடல் அவற்றுக்கு இயல்பான உறைவிடமன்று. ஆதலால் பெரும்பாலும் ஒற்றைப் புழுவே எஞ்சிப் பல மாதங்கள் ஊர்ந்து, இனம்பெருக்காது மடிகின்றது. அது கண்ணை அடையின் இமை வீங்கும். விழி சிவந்து அரிக்கும். விழிவெண்மையை மூடிய மெல்லிய சவ்வின் கீழ் வெண்ணூல் போல நெளிதலும் காணப்படும். சிலவேளை கட்டியெனவும் தவறாகக் கருதப்படும். நோயாளியிடமிருந்து இது பிறருக்குத் தொற்றுவதில்லை.

சிகிச்சையும் எளிதே. விறைப்பு மருந்திட்டு, சவ்வைச் சிறிது கீறிப் புழுவை முழுமையாக அகற்றுதலே போதுமானது; பெரும்பாலும் வேறு மருந்து வேண்டியதில்லை. புழு இடம்பெயரக்கூடுமாதலின், அது கண்ணுக்குப் புலப்படும்போதே வைத்தியசாலைக்கு விரைதல் நன்று. கண்ணைக் கசக்குதலும், பச்சிலைச் சாறு பிழிதலும், வீட்டிலே புழுவை எடுக்க முயலுதலும் பெருந்தீங்காம். கருவிழியிற் புண் உண்டாயின், புழு போக்காத பார்வையை அச்சாறு போக்கிவிடும்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென அதே ஆண்டில் ஏற்கப்பட்டது. இவை அரும்பெருஞ் சாதனைகளே. ஆயினும், மனிதருக்கு மருந்தூட்டி யானைக்காற் புழுவை அடக்கியது போல இதனை அடக்கவியலாது. இதன் இருப்பிடம் நாயாகும். கட்டாக்காலி நாய்களைப் பேணி மருந்தளித்தலும், நீர் தேங்காது காத்தலும், குழந்தைகளை நுளம்பு வலைக்குள் உறங்கச் செய்தலுமே இதற்குரிய வழிகள். முற்றத்து நாயின் நலமும் தொட்டிற் குழந்தையின் கண்ணும் வேறுவேறல்ல என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.